ஈசுவர அனுமானம்

ஈசுவர அனுமானம் என்பது உலகுக்கு ஒரு கர்த்தா உண்டென்பதை வேத வாக்கைச் சாராமல் தருக்கத்தால் நிறுவ முனையும் வாதம். நியாய, வைசேடிக மரபினர் இதை வளர்த்தனர்.

வடிவம்: நிலமும் முளையும் கர்த்தாவை உடையன (பக்கம்), அவை காரியமாதலால் (ஏது), குடம் போல (திட்டாந்தம்). காட்டுப்புல் எவரும் செய்யாமல் முளைக்கிறதே என்று மறுப்போருக்கு, அந்தப் புல்லும் விவாதத்துக்கு உட்பட்ட பொருளே, அதையே எதிர்ச்சான்றாகக் காட்டலாகாது என்று நையாயிகர் விடையளித்தனர்.

வரலாறு: கௌதமரின் நியாய சூத்திரம் ஈசுவரனை நான்காம் அத்தியாயத்தில் மூன்றே சூத்திரங்களில் தொட்டுச் செல்கிறது. பின்வந்த உத்தியோதகரர், அறிவற்ற அணுக்களும் வினையும் தாமே இயங்கா, தச்சன் கைப்பட்டால்தான் கோடரி வெட்டும் என வாதிட்டார்.

7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி, வியாப்தியையே (காரியமானது எதுவும் கர்த்தாவை உடையது என்னும் மாறாத் தொடர்பையே) கேள்விக்கு உட்படுத்தினார். குடம் மண்ணால் ஆனது, குயவன் செய்தது. கறையான் புற்றும் மண்ணால் ஆனதே, அதையும் குயவன் செய்தானா என்றார். குடத்தைக் கண்டு குயவனை அறிவது அவ்வகைப் பொருள் செய்யப்படுவதை முன்பு கண்டதால். மலையை எவரும் செய்யக் கண்டதில்லை. வேதத்தை ஏற்ற மீமாம்சகரான குமாரிலரோ, உடலின்றிப் படைப்பது எங்ஙனம், உடலிருப்பின் அதைப் படைத்தவர் யார் என வினவினார்.

மிதிலையின் உதயணர் (10–11ஆம் நூற்றாண்டு) நியாய குசுமாஞ்சலியில் எதிர்வாதங்களைத் தொகுத்து மறுத்தார். புலப்படாததால் ஈசுவரன் இல்லை என்போருக்கு: காட்சிக்குத் தகுதியான பொருள் புலப்படாதபோதே அதன் இன்மை உறுதியாகும். ஈசுவரன் அத்தகைய பொருளல்லன் என்பது அவர் விடைகளுள் ஒன்று. விக்கிரமசீலத்தின் பௌத்தர் ரத்னகீர்த்தி அடுத்த தலைமுறையில் இந்த அனுமானத்தை மறுத்துத் தனிநூல் இயற்றினார்.

தமிழகத்தில்: இறைவன் உண்டென்பதில் ஐயமற்ற இராமானுசரும் ஸ்ரீபாஷ்யத்தில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவதுண்டு; உலகு காரியம் என்பதால் மட்டும் கர்த்தா ஒருவனே என்று துணிய முடியாது, சாத்திரமே பிரமாணம் என்றார். மாறாக, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் கொண்டு முதல்வனை அனுமானித்தது. சைவ சித்தாந்தம் குடத்தின் காரணங்களை மூன்றாகப் பகுத்தது: மண்ணுக்கு நேராக மாயை, தண்டசக்கரத்துக்கு நேராகச் சத்தி, குயவனுக்கு நேராகச் சிவன்.