ஊரார் எவர்? பெங்களூரில் வட்டாரச் சபைகளும் குடியிருப்புச் சீரமைப்பும்

முன்னுரை

ஒரு தெருவிற்கு எது தேவை என்பதை அத்தெருவில் வாழ்வோரே கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும் என்பது இன்றைய நகராட்சிச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ள கோட்பாடாகும். இக்கோட்பாட்டை விளக்க முற்படுவோர் உத்தரமேரூர்க் குடவோலை முறையை எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்வது வழக்கம். கூட்டம் நடந்ததா என்பதே அவர்களது வினாவாக அமைகிறது. அக்கூட்டத்தில் அமரும் உரிமை எவருக்கு இருந்தது, செலவுக் கணக்கு அக்கூட்டத்திற்குத் திரும்பி வந்ததா என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்விரு வினாக்களை முன்வைத்துப் பெங்களூரு நகரின் குடியிருப்புச் சீரமைப்பு வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்துவரும் நகரம் என்பதனால் தமிழாய்வு இந்நகரைக் கருத்தில் கொள்வது பொருத்தமுடையதாகும்.

கல்வெட்டுகள் காட்டும் சபை

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அவ்வாறு அமைந்தவை. குடும்பிற்குள் வாழ்வோர் அனைவரும் வாரியத்திற்கு உரியவர் ஆகிவிடவில்லை. கால் வேலிக்குக் குறையாத இறைநிலமும், தன் மனையிலே கட்டிய வீடும், 35க்கு மேற்பட்டு 70க்கு உட்பட்ட அகவையும், வேதக் கல்வியும் தகுதிகளாக வகுக்கப்பட்டன. கல்வியிற் சிறந்தவர்க்கு நில அளவில் தளர்வு உண்டு. இது பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை ஆதலின், அந்நிலத்தை உழுத குடிகளுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. எனவே இதனை இன்றைய பொருளில் மக்களாட்சி எனக் கொள்வது வரலாற்றிற்கு ஒவ்வாது.

எனினும் அக்கல்வெட்டில் பெரிதும் நோக்கத்தக்க விதி ஒன்று உண்டு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழப்பர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர். சபைக்குள் நுழையும் வாயில் குறுகியது. நுழைந்தவர்க்கு விதிக்கப்பட்ட பொறுப்போ கடுமையானது. இவ்விரண்டையும் சேர்த்தே அம்முறையை மதிப்பிடல் வேண்டும்.

பெங்களூருப் பகுதியிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. நகரின் கிழக்கே கடுகோடியில் உள்ள 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் பெருமாடி காமுண்டன் மகன் இராசராச வேளான் என்பான் பட்டந்தூர் ஏரியை அமைத்ததைக் கூறுகிறது. ஏரி வெட்டுதல் அக்காலத்தில் குடியிருப்பை உருவாக்கும் முதற்பணியாகும். இங்கு அப்பணி வட்டாரத் தலைவன் ஒருவனின் கொடையாகவே பதிவாகியுள்ளது. சபை வழியாகவும் தலைவன் வழியாகவும் ஊர் சீர்பெறும் இருவேறு மரபுகள் அக்காலத்திலேயே இருந்தன என்பது இவற்றால் பெறப்படும்.

பேட்டையும் தண்டும்

பெங்களூரு நீண்ட காலம் இரு நகரங்களாகவே இயங்கியது. கோட்டையை ஒட்டிய பழைய வணிகப் பகுதி பேட்டை எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அலசூரை அடுத்து அமைத்த படைவீட்டுப் பகுதியை மக்கள் தண்டு என வழங்கினர். தண்டு, பாளையம் ஆகிய இரண்டும் படையைக் குறிக்கும் சொற்களாகத் தமிழிலும் உள்ளன. பாளையம் என்பது கன்னடத்தில் பாள்ய என நின்று இந்நகரின் பல இடப்பெயர்களில் ஈறாக வருகிறது. சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து வந்த படைவீரர், கட்டடத் தொழிலாளர், வணிகர், வீட்டுப் பணியாளர் எனத் தமிழர் பலர் தண்டுப் பகுதியில் குடியேறினர். அலசூர், சிவாஜிநகர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ் இன்றும் தெருமொழியாக விளங்குவதற்கு இதுவே அடிப்படையாகும்.

1862ஆம் ஆண்டையொட்டி இவ்விரு பகுதிகளுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் மீள ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆளுகையிலேயே நீடித்தது. 1947இல் அது மைசூருக்குத் திரும்பிய பின், 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து பெங்களூரு மாநகராட்சி உருவாயிற்று.

பிளேக்கும் கேட்கப்படாத குடிகளும்

இந்நகரில் குடியிருப்புச் சீரமைப்பு பெரிய அளவில் நிகழ்ந்த முதற்காலம் 1898ஆம் ஆண்டு பிளேக் நோயை ஒட்டியதாகும். நோயுற்றோர் தனி முகாம்களுக்கு அகற்றப்பட்டனர்; நெருக்கமான வீடுகள் இடிக்கப்பட்டன. 1890களில் திட்டமிடப்பட்ட பசவனகுடியும் மல்லேசுவரமும் இதன் பின்னர் விரைந்து வளர்ந்தன. தண்டுப் பகுதியில் நெரிசலைக் குறைக்க 1906இல் பிரேசர் டவுன் தொடங்கப்பெற்றது. அகன்ற தெரு, காற்றோட்டமான வீடு, கழிவுநீர் வடிகால் ஆகியன இப்புதிய பகுதிகளின் இயல்புகளாயின.

இம்மாற்றங்கள் நலவாழ்வை மேம்படுத்தின என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை அதிகாரிகளின் ஆணையால் நிகழ்ந்தவை. வீடிழந்தோர் கூடிப் பேசுதற்கு அவை எதுவும் அமைக்கப்படவில்லை. மனைகள் சாதி, சமய அடிப்படையில் பகுதி பகுதியாக ஒதுக்கப்பட்டதைச் சானகி நாயர் தம் 'தி பிராமிஸ் ஆஃப் தி மெட்ரோபாலிஸ்' (2005) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். மனை வாங்க இயன்றவர் புதிய பகுதிக்குச் சென்றனர். இயலாதவர் பழைய சந்துகளிலேயே தங்கினர். நகரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள், அலுவலக ஏடுகளில் குரல் பதியாத அம்மக்களின் நினைவுச் சின்னங்கள் எனலாம்.

சட்டத்தில் இடம்பெற்ற சபை

1992இல் நிறைவேறி 1993 சூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்படவேண்டும் என்றது. பெங்களூரில் 1999இல் 100 வார்டுகளுக்கு 30 குழுக்களே அமைக்கப்பட்டன. பல வார்டுகளை ஒன்றாகச் சேர்த்து, அரசே நியமித்த உறுப்பினரைக் கொண்டு அமைந்த இக்குழுக்கள் தெருவிலிருந்து விலகியே நின்றன.

அதே காலத்தில் குடிமக்கள் முயற்சிகளும் தோன்றின. 2001இல் தொடங்கப்பெற்ற ஜனாகிரகா அமைப்பு, வார்டுகளில் எப்பணியை முதலில் செய்வது என்பதைக் குடியிருப்போர் கூடி வரிசைப்படுத்தும் இயக்கத்தை நடத்தியது. 2002இல் அவ்வமைப்பும் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் உள்ளிட்ட பிற அமைப்புகளும் இணைந்து, மாநகராட்சியின் வரவுசெலவைக் காலாண்டுதோறும் பொதுமக்கள் முன் விவாதிக்கும் 'புரூஃப்' என்னும் இயக்கத்தை மேற்கொண்டன. கணக்கு சபைக்குத் திரும்பவேண்டும் என்னும் பழைய விதி புதிய வடிவில் எழுந்த தருணமாக இதனைக் கொள்ளலாம். ஆனால் அது சட்டக் கட்டாயமாக நிலைபெறவில்லை.

இம்முயற்சிகளைப் பற்றிய மாற்றுக் கருத்தும் புறந்தள்ளத்தக்கதன்று. ஏழைகள் நீரும் விளக்கும் பெறுவது பெரும்பாலும் தம் வாக்கை நாடும் மாமன்ற உறுப்பினர் வழியாகவே. நடுத்தர வகுப்பினர் மேலோங்கும் புதிய மேடைகள் அவ்வழியை வலுவிழக்கச் செய்யும் என்று சாலமன் பெஞ்சமின் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டனர். மாலை நேரக் கூட்டத்திற்கு வர இயலாத தொழிலாளியும், ஆங்கிலத்தில் மனு எழுத அறியாத பெண்ணும் சபைக்கு வெளியே நிற்பர் என்பதே இவ்வாதத்தின் சாரமாகும்.

2005இல் தொடங்கிய சவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டம், மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்றுவதை நிதியுதவிக்கான சீர்திருத்தங்களுள் ஒன்றாக்கியது. அதன்படி கருநாடகம் 2011இல் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழு. அதன் தலைவர் மாமன்ற உறுப்பினர். ஏனைய பத்து உறுப்பினருள் பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவர், பெண்கள் மூவர், குடியிருப்போர் சங்கங்களைச் சார்ந்தோர் இருவர் என அத்திருத்தம் வகுத்தது. வாக்காளர் அனைவரும் பங்கேற்கும் பகுதி சபைகளுக்கும் இடமளித்தது. நிலமும் மனையும் தகுதியாக இல்லாமை உத்தரமேரூரினின்று இச்சட்டம் வேறுபடும் முதன்மையான இடமாகும். ஆயின் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்பட்டனர் என்பதும், சட்டத்திற்கான விதிகள் 2016இல்தான் வெளிவந்தன என்பதும் குறிப்பிடத்தக்கன.

எஜிபுரா: சபை இல்லாத சீரமைப்பு

சட்டம் இயற்றப்பட்டும் விதிகள் வாராத அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்ததே எஜிபுரா வெளியேற்றம். கோரமங்களாவை அடுத்த எஜிபுராவில் நலிந்த பிரிவினர்க்கென 1990களின் தொடக்கத்தில் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வீடுகள் சில ஆண்டுகளிலேயே பழுதுற்றன. சில இடிந்து வீழ்ந்தன. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தில் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடுகளும் மறுபகுதியில் வணிக வளாகமும் கட்டத் தனியார் கூட்டுமுயற்சித் திட்டம் வகுக்கப்பட்டது. 2013 சனவரியில் அங்கு எஞ்சியிருந்த குடும்பங்கள் காவல்துறைத் துணையுடன் வெளியேற்றப்பட்டன. அவர்களுள் தமிழ் பேசும் தலித் மக்களும் இசுலாமியரும் மிகுதி. இடிந்த இடத்தின் ஓரத்திலேயே பலர் குடிசையிட்டு வாழ்ந்தனர்.

இங்கு எழுந்த முதல் சிக்கல், உரிமையாளர் எவர் என்பதாகும். ஒதுக்கீடு பெற்றவர், அவரிடம் வாடகைக்கு வந்தவர், பழைய கட்டடம் இடிந்தபின் தகரக் கொட்டகையில் தங்கியவர் எனப் பலதிறத்தார் ஒரே இடத்தில் வாழ்ந்தனர். ஆவணம் உடையவரே திட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தனர். அவ்வட்டாரத்தில் பகுதி சபை ஒன்று இயங்கியிருப்பின், வாக்காளர் என்னும் ஒரே தகுதியால் அவர்களுள் பலர் அதன் உறுப்பினர் ஆகியிருப்பர். வெளியேற்றம் நிகழாதிருந்திருக்கும் எனக் கூறுதல் மிகையாகும். ஆனால் எங்கே செல்வது, எப்போது திரும்புவது என்னும் வினாக்கள் இடிப்புக்கு முன்னரே ஏட்டில் ஏறியிருக்கும்.

குப்பையும் ஏரியும்: சபை இயங்கிய இடங்கள்

2012இல் மாவள்ளிபுரக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. குப்பையைச் சுமந்த மாவள்ளிபுரம், மண்டூர் ஆகிய சிற்றூர் மக்களின் எதிர்ப்பே இந்நிலைக்குக் காரணமாயிற்று. இது தொடர்பான வழக்கில் கருநாடக உயர்நீதிமன்றம், குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கவும் வார்டு அளவில் குழுக்கள் இயங்கவும் வலியுறுத்தியது. பல ஆண்டுகள் ஏட்டளவில் நின்ற வார்டு குழு நீதிமன்ற அழுத்தத்தால் உயிர்பெற்றது. தன் எல்லைக்குள் பேசாத நகரத்தை அதன் எல்லைக்கு வெளியே வாழ்ந்தோர் பேசவைத்தனர் என்பது இதன் வரலாற்றுச் சிறப்பாகும்.

சர்சாபூர்ச் சாலையை ஒட்டிய கைக்கொண்டரஹள்ளி ஏரி மற்றொரு சான்று. 2008ஐ ஒட்டித் தொடங்கிய அதன் மீட்புப் பணியில் மாநகராட்சியும் வட்டாரக் குடிமக்களும் இணைந்து செயற்பட்டனர். ஆயினும் ஏரி மீட்பில் நடைபாதை வேண்டுவோரும் கால்நடைக்குப் புல் வேண்டுவோரும் ஒரே கூட்டத்தில் அமர்கின்றனரா என்பதே உரைகல்லாகும்.

2020க்குப் பின்

2020 செப்டம்பர் 10இல் பெருநகர பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடவாமல் நிருவாகி வழியாகவே ஆட்சி நடந்தது. மாமன்ற உறுப்பினரைத் தலைவராகக் கொண்ட வார்டு குழு, தலைவரின்றி அதிகாரிகளின் பொறுப்பில் கூடும் நிலைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டுப் பெருநகர பெங்களூரு ஆளுகைச் சட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மன்றமின்றி ஐந்தாண்டுகள் கழிந்த பின் வந்த மாற்றம் இது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறப் பகுதி சபைகள் கூட்டப்படுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வருவன பெறப்படுகின்றன. பிளேக் காலச் சீரமைப்பு வடிகாலையும் காற்றையும் தந்தது. வீடிழந்தோரின் குரலைக் கேட்கவில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டம் குரலுக்கு இடம் தந்தது. அவ்விடத்தைத் தேர்தலும் விதிகளும் இன்றி நெடுங்காலம் வெறுமையாக விட்டது. உத்தரமேரூர்ச் சபை உழுகுடிகளை விலக்கியது. ஆயினும் கணக்குக் காட்டாதவரை மீண்டும் அமரவிடவில்லை. பழைய சபையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது பெருமிதமன்று, அக்கணக்கு விதியே. புதிய சட்டத்திலிருந்து காக்கத்தக்கது மனையில்லாதாரும் உறுப்பினராகலாம் என்னும் அகன்ற வாயிலே. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த சபை பெங்களூரில் இன்னும் நிலைபெறவில்லை. வாடகைச் சீட்டும் இல்லாத ஒருவர் தம் தெருவைப் பற்றிய கூட்டத்தில் எழுந்து, சென்ற ஆண்டுச் செலவுக் கணக்கைக் கேட்டு விடை பெறும் நாளே ஊரார் என்னும் சொல் இந்நகரில் முழுப்பொருள் பெறும் நாளாகும்.