எளிய ஏடும் இலாபக் கணக்கும்

எழுத விரும்புகின்றவருக்கு ஒரு வெள்ளை ஏடு போதும், அலங்காரம் வேண்டுவதில்லை. இக்கருத்தையே முதலாகக் கொண்டு இணையத்தில் சில வலைப்பதிவு நிலையங்கள் தோன்றின. ஆரவாரங்களை நீக்கி எழுத்தை மட்டும் முன்னிறுத்துவது அவற்றின் கொள்கை. இவை வாணிகமாக நிலைக்கக் கூடியவையா என்னும் வினாவுக்கு, கால் நூற்றாண்டு வரலாறு விடை கூறுகிறது.

1999-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலிருந்த ‘பைரா லாப்ஸ்’ என்னும் சிறு கம்பெனி ‘பிளாகர்’ என்ற சாதனத்தை வெளியிட்டது. எவரும் கட்டணமின்றி வலைப்பதிவு எழுதலாம். பதிவர் தொகை பெருகிற்று, வருவாய் பெருகவில்லை. இயந்திரம் வாங்குவதற்கே பதிவர்களிடம் நன்கொடை பெற நேர்ந்தது. 2001-இல் கைப்பணம் தீர்ந்தது, ஊழியர்கள் விலகினர். நிறுவியோருள் ஒருவரான எவான் வில்லியம்ஸ் தனியே நின்று அதனைக் காத்தார். 2003-இல் கூகிள் அதனை வாங்கிற்று. பிளாகர் பிழைத்தது தன் சம்பாத்தியத்தால் அன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையானதால்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. 2008-இல் தோன்றிய ‘போஸ்டரஸ்’ மிக எளியது. மின்னஞ்சல் அனுப்பினாலே பதிவாகிவிடும். 2012-இல் ட்விட்டர் அதனை வாங்கிற்று. 2013 ஏப்ரல் 30-இல் மூடிற்று. எழுதியவர்கள் தம் எழுத்தை எடுத்துச்செல்லச் சுமார் இரண்டரை மாதமே தவணை. ‘டம்ப்ளர்’ நிலையத்தை 2013-இல் யாகூ 110 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2019-இல் அது மீண்டும் கைமாறியபோது விலை 30 லட்சம் டாலருக்கும் குறைவு என்று பத்திரிகைகள் எழுதின.

இவ்விடர்ப்பாட்டின் மூலம் யாது? விளம்பரத்துக்கு இடம் வேண்டும். எளிய ஏடோ இடத்தை வெறுமையாக வைப்பதாலேயே விரும்பப்படுகிறது. விளம்பரம் புகுந்தால் ஏட்டின் அழகு போகும். புகாவிடில் வரவு இல்லை.

வில்லியம்ஸ் இவ்வுண்மையை மீண்டும் எதிர்கொண்டார். 2012-இல் அவர் தொடங்கிய ‘மீடியம்’ தூய வெண்மையான ஏடு. 2017 ஜனவரியில் விளம்பரவழியைக் கைவிட்டு, ஊழியருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரை விலக்கினார். அவ்வாண்டே மாதம் 5 டாலர் சந்தா வந்தது. அதில் ஒரு பங்கு எழுதியவர்களுக்கும் சென்றது. எனினும் நஷ்டம் நீங்கவில்லை. ஏடு எளிமையாயிருந்தது, நிறுவனம் எளிமையாயில்லை. 2022-இல் தலைமை டோனி ஸ்டபில்பைனிடம் சென்றது. ஒரு காலத்தில் 250 பேர் பணிபுரிந்த நிறுவனம், அவர் தந்த கணக்கின்படி, 77 பேராகச் சுருங்கிற்று. 2024 ஆகஸ்டில் இலாபம் கண்டது.

ஆகவே விடை இதுவாகும்: எளிய ஏடு வாணிகமாக நிலைக்கலாம், ஆனால் பெருஞ்செல்வமாக வளர்வது அரிது. படிப்பவர் நேரே பணம் தரவேண்டும். நடத்துபவரும் ஏட்டைப் போலவே சிக்கனமாயிருத்தல் வேண்டும்.

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஊர் நினைவையும் மொழிப்பற்றையும் இத்தகைய ஏடுகளில் எழுதி வைக்கிறோம். இலவசமாக இடங்கொடுப்பவரின் செலவை யார் தாங்குகிறார் என்று முதலில் வினவுதல் நன்று. எழுதியதற்கு ஒரு படி நம் வீட்டிலும் இருத்தல் அதனினும் நன்று.