இறக்கையைத் தைத்த கைகள்

விருத்தாசலத்தில் நான் குடியிருக்கிற பகுதிக்கு 'செராமிக்' என்று சொன்னால்தான் ஆட்டோ வரும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி எழுந்த சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள், சூளைகள், வெயிலில் காயும் பச்சைப் பாண்டங்கள். உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கேரியர் இங்கே சுட்டதாக இருக்கலாம். கரண்ட் போனால்தான் அப்படியொன்று இருப்பதே நமக்கு நினைவுக்கு வரும். தாங்கி நிற்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாது என்பதை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் படிக்கவில்லை, இந்தத் தெருவில் தெரிந்துகொண்டேன்.

விமானத்தைப் பற்றி எழுத வந்ததும் இங்கிருந்துதான். சின்ன விமானத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்களுக்கான கையேடு ஒன்று கைக்குக் கிடைத்தது. இறக்கைச் சட்டத்தின் மேல் துணி போர்த்தித் தைக்கிற படங்களைக் கடைத்தெருவில் ஆட்டோ ஹூடும் சீட் கவரும் தைக்கிற ஒருவரிடம் காட்டினேன். அதிலிருந்த ஆங்கிலம் அவருக்குத் தேவைப்படவில்லை. "இது மெத்தைத் தையல் சார். மேல குத்தி கீழ வாங்கறது. நீளமா ஒரு கோணி ஊசி இருந்தா நானே போட்டுருவேன்" என்றார். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா ரெண்டு ரெண்டு விரக்கடைக்கு ஒரு முடிச்சு எதுக்கு? மெத்தைக்கு இவ்வளவு வேணாமே" என்று கேட்டார்.

சரியான கேள்வி. இறக்கை என்பது நீளவாட்டில் ஓடும் ஒன்றிரண்டு உத்தரங்களும் அவற்றின் குறுக்கே வரிசையாகக் கோத்த விலாச் சட்டங்களும்தான். அதன் மேல் தலையணைக்கு உறை போடுவது மாதிரி துணியை இழுத்து மாட்டுகிறார்கள். பருத்தித் துணி என்றால் தண்ணீர் தெளித்து விறைக்க வைத்து, பிறகு 'டோப்' என்ற செல்லுலோஸ் பூச்சைப் பல தடவை பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். பச்சை மண் காயும்போது சுருங்கும் கணக்கை மனசில் வைத்தே அச்சு செய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. வெயில் துணியை அரித்துவிடாமல் இருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சும் உண்டு. இன்று பாலியெஸ்டர் துணியை மாட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருக்குகிறார்கள்.

இனி முடிச்சு. காற்று கீழிருந்து தள்ளுவதால்தான் விமானம் மேலே போகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இறக்கையைத் தூக்குவதில் பெரும்பங்கு மேற்புறத்தில் அழுத்தம் குறைவதுதான். அதனால் மேல்துணி சட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு எழப் பார்க்கிறது. அதை விலாவோடு பிடித்து வைத்திருப்பது மெழுகு தடவிய நூல் மட்டும்தான். விசிறியின் காற்று அறைகிற இடத்தில் தையல் இன்னும் நெருங்கும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு, ஒன்று அறுந்தாலும் மற்றவை பிரியக்கூடாது. அந்த முடிச்சுக்கு ஆங்கிலத்தில் மீன்வலையின் பெயரை வைத்திருக்கிறார்கள்! கடலூர்க் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் நல்ல ரகப் பருத்தித் துணி ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். பழசாகி 56க்குக் கீழே போய்விட்டால் மொத்தத்தையும் உரித்துவிட்டு மறுபடி போர்த்த வேண்டும். பறக்கிறவனின் உயிர் இந்த எண்களில்தான் தொங்குகிறது.

சரி, நம் ஊரில் இப்படியொரு விமானத்தை முதலில் கட்டியது யார்? 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் தானே வரைந்த விமானம் ஒன்றைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்குக் காட்டினார். முந்தைய ஜூலையில்தான் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தார். விமானத்தைக் கட்டிக் கொடுத்தது 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, அதாவது கோச்சு வண்டி கட்டுகிறவர்கள். அலகாபாத்தில் 1910 டிசம்பரில் நடந்ததுதான் இந்தியாவின் முதல் பறத்தலா, சென்னையில் நடந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு இந்த 'முதல்' சண்டையில் அக்கறை இல்லை. யார் ஜெயித்தாலும் வரலாற்றில் ஏறி உட்காரப் போவது விமானியும் முதலாளியும்தான்.

நான் கேட்பது வேறு. ஒரு ஓட்டல்காரர் ஏன் கோச்சுப் பட்டறைக்குப் போனார்? விமானத்துக்கு வேண்டிய கைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. வளைத்த மரச்சட்டம், இரும்புப் பட்டை, இழுத்துக் கட்டிய கூரைத்துணி, திண்டு, தோல், வார்னிஷ் என்று ஒரு கோச்சு வண்டிக்குத் தேவைப்பட்ட அறிவெல்லாம் அன்றைய விமானத்துக்கும் போதுமானதாக இருந்தது. 'நவீனம் கப்பலில் வந்து இறங்கியது' என்ற பெருங்கதையாடல் இந்த இடத்தில் பொத்தலாகிவிடுகிறது. ஆனால் இந்தச் சம்பவத்தைச் சொல்லும் பிரதிகளை வாசித்துப் பாருங்கள். டி ஆஞ்சலிஸ் பெயர் இருக்கும், சிம்ப்சன் பெயர் இருக்கும், ஊசி பிடித்தவரின் பெயர் மட்டும் இருக்காது. தோலையும் துணியையும் தொடுகிற வேலையை எந்தச் சாதிகளின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம் என்பதை மறந்துவிட்டு இந்த மௌனத்தை வாசிக்க முடியாது.

வெள்ளைக்காரர் கதையில் மட்டும் தையல் இடம்பிடித்திருக்கிறதா? ஓரளவுக்கு. 1900இல் கிட்டி ஹாக்கில் வில்பர் ரைட் தன் கிளைடரின் துணியை வெட்டித் திரும்பத் தைத்தது, அவர் தங்கியிருந்த டேட் குடும்பத்துப் பெண்மணியின் தையல் மெஷினில். சோதனை முடிந்து சகோதரர்கள் கிளைடரைப் போட்டுவிட்டுப் போனதும், அந்த அம்மா சாட்டின் துணியை உரித்துத் தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துவிட்டார். எனக்குப் பிடித்த விமானக் கதை இதுதான். அடுத்தது அவ்வளவு இனிமையானதில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானத் தொழிற்சாலைகளில் டோப் பூசிய தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, அதில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவியால் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள். பிறகுதான் அந்தக் கரைப்பானைக் கைவிட்டார்கள்.

நம் தேசியத்துக்கு இந்தக் கைகள் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அதற்கு வேண்டியது சுலோகம். பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லி சுப்பராய சாஸ்திரி 1918க்கும் 1923க்கும் இடையில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது 'வைமானிக சாஸ்திரம்'. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பேர் அதை அக்கறையாகப் படித்து, நூல் 1904க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை, அதிலுள்ள விமானங்கள் பறக்காது என்று எழுதி முடித்தார்கள். அப்படியும் 2015 ஜனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டில் அந்த விமானம் மறுபடி மேடையேறியது. அதாவது, பல்லாவரத்தில் நிஜமாக ஓடிய விமானத்துக்குப் பிறகு வாயால் சொல்லப்பட்ட விமானம் பல்லாயிரம் வருஷப் பழசு என்று பெயர் வாங்கிக்கொண்டது. சுலோகத்துக்குத் தையல் தேவையில்லை இல்லையா? உழைப்பைத் துடைத்தெடுத்துவிட்ட தொழில்நுட்பம்தான் இந்தச் சொல்லாடலுக்குச் சௌகரியம்.

இன்னொரு வேடிக்கை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலை, கட்கேயின் வடிவமைப்பில், 1958இல் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. பறக்கும் கழகங்களுக்காக அதில் நூற்றைம்பதுக்கும் மேல் கட்டினார்கள். ராவணனின் வாகனத்தை நினைத்து 'புஷ்பக்' என்று பெயர். போர்த்தியிருந்தது என்னவோ துணிதான். பெயரைப் புராணம் எடுத்துக்கொண்டது, உடம்பு தையல்காரரிடம் இருந்தது. இதற்குள் விமான அறிவு பட்டறையை விட்டு வகுப்பறைக்குப் போயிருந்தது. பல்லாவரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் அது பாடமானது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கோச்சுப் பட்டறைக்காரரின் பிள்ளைக்கு அந்த வாசலில் என்ன மதிப்பெண் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதையெல்லாம் ஹூட் கடைக்காரரிடம் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராவணன் பேச்சு வந்ததும் சிரித்தார். "அது கெடக்கட்டும். துணி கிழிஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்றார். ஒட்டுப் போடுவார்கள், நூல் பிரியாமல் இருக்க ஒட்டுத்துணியின் ஓரத்தைப் பல்லுப்பல்லாக வெட்டுவார்கள் என்றேன். மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு ஜிக்ஜாக் கத்தரியை எடுத்து, ஹூட் ரெக்சின் துண்டு ஒன்றை வெட்டி என் கையில் கொடுத்தார். "இப்படியா?"

"இப்படித்தான்" என்றேன்.