மதமா, இனமா?

'ஜூடாயிசம்' என்றால் யூத மதம். ஆங்கில அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் யூதர்களின் வேதமான தோராவில் இப்படியொரு சொல்லே கிடையாது, தெரியுமா உங்களுக்கு?

யூதா என்பது யாக்கோபின் ஒரு மகனுடைய பெயர். பிறகு அவன் வம்சத்துக்கும் தேசத்துக்கும் அதுவே பெயரானது. கி.மு. 2-ம் நூற்றாண்டில் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ், ஓய்வுநாள் கூடாது, விருத்தசேதனம் கூடாது என்று தடை போட்டான். யூதர்கள் திருப்பி அடித்தார்கள். அந்தக் கதையைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலில்தான் 'யூதாயிஸ்மோஸ்' முதலில் தலைகாட்டுகிறது. வேடிக்கை பாருங்கள், கிரேக்கத்தை எதிர்த்தவர்களின் அடையாளத்துக்குக் கிரேக்க மொழியிலேயே பெயர்! வழிபாடு மட்டுமல்ல, சாப்பாடு, சட்டம், பரம்பரை எல்லாம் அதில் சேர்த்தி.

இதில் எது போனால் ஒருவர் யூதரில்லை?

ஆஸ்வால்ட் ரூஃபைசன் போலந்து யூதர். நாஜிகளிடமிருந்து மிர் நகர யூதர்கள் பலரைத் தப்பவைத்தவர். பின்னாளில் கத்தோலிக்கத் துறவியானார். 'மதம் வேறு, ஆனால் நான் யூதன்தான்' என்று இஸ்ரேலில் குடியுரிமை கேட்டார். தாய் யூதரென்றால் பிள்ளையும் யூதர்தான் என்கிறது மதச்சட்டம். மதம் மாறியவரை ஜனங்கள் யூதரென்று சொல்வதில்லையே என்றது உச்ச நீதிமன்றம். 1962-ல் வழக்கு தள்ளுபடி.

மதம் ஏற்றுக்கொண்டது. தேசம் மறுத்துவிட்டது!