ஃபேனி பிரைஸ்

ஃபேனி பிரைஸ் என்பவர் ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் மான்ஸ்ஃபீல்டு பார்க் (1814) என்னும் புதினத்தின் தலைமைக் கதைமாந்தர் ஆவார். போர்ட்ஸ்மவுத் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்த இவர், 10 வயதில் பெரியப்பா சர் தாமஸ் பெர்ட்ரமின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறார். உறவினராயினும் அங்கு இவர் சமமாக நடத்தப்படுவதில்லை. இவர் பயன்படுத்தும் அறையில் குளிர்காலத்திலும் கணப்பு மூட்டப்படுவதில்லை.

மௌனமும் மறுப்பும்

ஃபேனி அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே பிறர் இவர் முன்னிலையில் தம்மை மறைத்துக்கொள்வதில்லை. வீட்டு இளைஞர்களின் நாடக ஒத்திகையின்போது, ஹென்றி குரோஃபோர்டு என்னும் செல்வந்தர், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெரியப்பா மகள் மரியாவுடன் காதல் விளையாட்டில் ஈடுபடுவதை இவர் கவனிக்கிறார். பின்னர் ஹென்றி ஃபேனியையே மணக்க விரும்பும்போது மறுக்கிறார். காரணத்தைச் சொன்னால் மரியாவின் பெயர் கெடும் என்பதால், நன்றியற்றவர் எனப் பெரியப்பா கடிந்துகொண்டபோதும் வாய் திறப்பதில்லை. (கணப்பில்லாத அறையை அவர் காண்பதும் அன்றுதான்.) வறுமையைக் கண்டு மனம் மாறட்டும் எனப் பிறந்த வீட்டிற்கு அனுப்பப்படுகிறார். அங்கும் ஹென்றி வந்து கனிவுடன் பழக, ஃபேனியின் மனம் சற்று இளகுவது புதினத்தின் நுட்பமான பகுதியாகும். விரைவில் ஹென்றி, அதற்குள் திருமணமாகிவிட்ட மரியாவுடன் ஓடிப்போகிறார். இறுதியில் ஃபேனி பெரியம்மா மகன் எட்மண்டை மணக்கிறார். அக்கால இங்கிலாந்தில் இத்தகைய மணம் வழக்கத்தில் இருந்தது.

வரவேற்பு

இப்புதினம் பற்றி ஆஸ்டின் திரட்டிவைத்த வாசகர் கருத்துகளில், அவருடைய தாயாரே ஃபேனியைச் சுவையற்ற பாத்திரமாகக் கருதியது பதிவாகியுள்ளது.