ஒரே பதிவு, இரண்டு செவிகள்

நெய்வேலியில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதம்தான். நெய்வேலி சந்தானகோபாலன், மிருதங்கம் நெய்வேலி வெங்கடேஷ் என்று ஊர்ப்பெயரை முன்னால் வைத்து அறியப்படும் வித்வான்களின் ஊர் இது. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு வட்டம் வட்டமாக எழுந்த இந்தக் குடியிருப்பில் மேற்கத்திய செவ்வியல் பியானோ வாசிப்பவர்கள் சிறுபான்மைதான். சர்ச் கீபோர்டில் கை பழகியவர்கள், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், என்னைப் போல வேலை முடிந்து வந்து டிஜிட்டல் பியானோ முன் உட்கார்கிறவர்கள். வாசித்ததைப் பதிவு செய்தால் அதை யாருக்கு அனுப்புவது என்ற கேள்வி உடனே வருகிறது. நான் ஒரே பதிவை இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் சென்னையில் பியானோ சொல்லித்தரும் டீச்சர். இன்னொருவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பக்கத்து வட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் பெரியவர். அவர்கள் சொன்னவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

வாசித்தது பாக் 1722இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ முதல் தொகுதியின் முதல் உருப்படி, சி மேஜர் பிரிலூட். மொத்தம் 35 பார். பாடிக் காட்டும்படியான மெட்டு எதுவும் இதில் கிடையாது. ஒரு கார்டை எட்டு ஸ்வரங்களாகப் பிரித்து, அதே எட்டை இன்னொரு முறை வாசித்தால் ஒரு பார் முடிந்தது. கடைசி சில பார்கள் நீங்கலாக முழுக்க இப்படித்தான். விரலுக்கு எளிது. எளிதாக இருப்பதாலேயே ஒளிந்துகொள்ள இடமில்லாத உருப்படி.

டீச்சரின் பதில் எழுத்தில் வந்தது, பார் எண்ணோடு. வலது கைச் சுண்டுவிரல் விழும் ஸ்வரம் ஒவ்வொரு முறையும் துருத்திக்கொண்டு கேட்கிறது. 22, 23ஆம் பார்களில் பெடல் கலங்கியிருக்கிறது, கால் தாமதமாக மாறுகிறது. பெடலைத் தட்டும் சத்தம் பதிவில் ஏறியிருக்கிறது, போனைப் பியானோவின் மேல் வைக்காமல் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் இருந்தன.

இந்தக் கேட்கும் முறைக்கு ஒரு பின்னணி உண்டு. டிரினிட்டி தேர்வில் ஒரு உருப்படிக்கு 22 மதிப்பெண். எழுதியதைத் தவறின்றித் தடையின்றி வாசிப்பதற்கு 7, வாத்தியத்தைக் கையாளும் திறனுக்கு 7, இசையை எடுத்துச் சொல்வதற்கு 8. 1889இல் தொடங்கிய இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம், 2020 முதல் வீடியோப் பதிவை வைத்தே ஒரு தேர்வை நடத்துகிறது. நான்கு உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 30; வாசிப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்து இன்னொரு 30; ஆக 150. நூறு எடுத்தால் தேர்ச்சி. நான்கையும் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. தேர்வாளர் ஒவ்வொரு உருப்படிக்கும் குறிப்பு எழுதித் தருகிறார். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த செவி, கையில் இசைத்தாளை வைத்துக்கொண்டு, தாளுக்கும் ஒலிக்கும் எங்கே இடைவெளி விழுகிறது என்று தேடும். அது கூர்மையான செவி. டீச்சர் சொன்ன மூன்றும் சரி.

பெரியவரிடம் இசைத்தாள் கிடையாது, அது அவருக்குத் தேவையும் இல்லை. தம்புராவில் கை வைத்தபடியே போனில் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு சொன்னார்: “முதல்ல நல்லா உக்காந்து வருது தம்பி. பாதி தாண்டி ஒரு இடத்துல காலம் ஓடுது. அப்புறம் பஞ்சமத்துல வந்து நிக்குதே, அங்க நிக்கவே விடலையே நீ. காந்தாரம் வேற ஏறியே நிக்குது.”

அவர் பஞ்சமம் என்றதும் தாளை எடுத்துப் பார்த்தேன். சி-யை ஷட்ஜமமாக வைத்தால் ஜி பஞ்சமம். 24ஆம் பாரிலிருந்து 31 வரை எட்டு பார்களுக்கு மேலே கார்டுகள் மாறிக்கொண்டே இருக்க, கீழே இடது கை அந்த ஒரே பஞ்சமத்தில் நிற்கிறது. 32ஆம் பாரில் கீழே ஷட்ஜமம் வருகிறது, முடியும்வரை நகரவில்லை. தம்புராவின் நான்கு தந்திகளில் ஒலிப்பதும் இந்தப் பஞ்சமமும் ஷட்ஜமமும்தானே. ஆக, 35 பார்களில் கடைசி 12, அவருடைய மடியில் இருந்த தம்புராவின் இரண்டு ஸ்வரங்கள் மேல் கட்டப்பட்டவை. மேற்கத்திய இசைப் பாடத்தில் இதை ‘பெடல் பாயின்ட்’ என்று சொல்லித்தருவார்கள், எனக்கும் தெரியும். ஆனால் இந்த உருப்படியின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது என்பதை என் கைக்கு உணர்த்தியவர் அவர்தான். இடது கையை ஒரு துணையாக மட்டும் நினைத்து மெல்லத் தொட்டுக்கொண்டு போயிருந்தேன்.

காலம் ஓடுகிறது என்றாரே, அந்த இடம் எது? திரும்பக் கேட்டால் அதே 22, 23. கீழ் ஸ்வரம் பிரதி மத்யமத்துக்கும் அங்கிருந்து சுத்த தைவதத்துக்கும் போகிறது. உருப்படியிலேயே கரடுமுரடான இரண்டு பார்கள் அவை. ஒருவருக்கு அது பெடல் குறையாகக் கேட்டது, இன்னொருவருக்குக் காலப்பிரமாணக் குறையாக. எனக்கு இரண்டும் ஒரே நோயாகப் படுகிறது. கரடான ஒலியைச் சீக்கிரம் கடந்துவிட விரல் அவசரப்பட்டது, கால் பின்தங்கியது. டீச்சரை மட்டும் கேட்டிருந்தால் நான் காலைப் பழக்கியிருப்பேன், விரல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

காந்தாரம் பற்றிய குறை வேறு வகை. அது உண்மை, ஆனால் என்னால் திருத்த முடியாதது. இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். ஷட்ஜமத்திலிருந்து காந்தாரம் 400 சென்ட் தூரத்தில் இருக்கிறது. தம்புராவிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரமோ சுமார் 386. அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான் என்றால், 14 சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்கு நெருடும். பாக் காலத்துச் சுருதிக்கூட்டல் இந்தச் சமவெட்டு அல்ல என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, ஆகவே பெரியவரின் புகாரைப் பாக்கே பாதி ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். கமகம் வராத நிலையான சுருதி என்று ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியே நிறுத்தியதற்குப் பின்னால் இருந்ததும் இதே காதுதான். கருத்து கேட்கிறவர் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: வாசித்தவனுக்குச் சொன்னது எது, வாத்தியத்துக்குச் சொன்னது எது, போனுக்குச் சொன்னது எது. டீச்சர் சொன்ன பெடல் தட்டல், பெரியவர் சொன்ன காந்தாரம், இரண்டுக்காகவும் நான் மறுபடி சாதகம் செய்யத் தேவையில்லை.

வானொலியை இங்கே எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகம் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடும் வழக்கத்தை நம் நாட்டில் நிலைநிறுத்தியது அதுதான். 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்தபோது இசைத் தேர்வு முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. பி, பி-ஹை, ஏ, டாப் என்ற தரங்கள் இன்றும் கலைஞர்களின் பெயரோடு வருகின்றன. ஒரு நிலையத்துக்கு யாரை அழைப்பது என்று முடிவெடுக்க அது உதவும். அமெச்சூருக்கு உதவாது, ஏனென்றால் தரம் என்பது நாளை காலை எந்தப் பாரில் உட்கார வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த விஷயத்தில் நான் முழுக்கத் தேர்வாளர் எழுதித் தரும் குறிப்பின் பக்கம். பெரியவரின் பேச்சிலும் எனக்குப் பயன்பட்டது இடம் காட்டிய பகுதிதான்.

மற்றபடி என் சாய்வு பெரியவரிடம். தாளைப் பார்த்துக் கேட்பவர் தாளில் இல்லாததைத் தேடுவதில்லை. சுண்டுவிரல் துருத்துகிறதா என்று பார்க்கிற கவனத்தில், எட்டு பார் நிற்கும் அந்தப் பஞ்சமத்தை டீச்சர் குறிப்பிடவே இல்லை. அது சரியான ஸ்வரமாக, சரியான நேரத்தில் ஒலித்துவிட்டது, குறை எழுத அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது நான் அனுப்பும் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பெரியவர்: உருப்படியின் பெயரோ விளக்கமோ சொல்வதில்லை, ஒலி மட்டும். அவர் காட்டிய இடத்தைச் சரிசெய்து மறுபடி வாசித்த பிறகே டீச்சருக்குப் போகிறது. அதோடு எந்தப் பதிப்பு என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பிரிலூடின் பழைய பதிப்புகள் சிலவற்றில் 22ஆம் பாருக்குப் பின் ஷ்வென்கே என்பவர் சேர்த்த ஒரு பார் கூடுதலாக உண்டு. கூனோ தன் ‘ஆவே மரியா’வுக்கு எடுத்துக்கொண்டதும் அந்தப் பாடத்தைத்தான். அந்தப் பதிப்பை வைத்திருப்பவருக்கு டீச்சர் 23 என்று எழுதினால் அவர் தவறான பாரில் உட்கார்ந்து சாதகம் செய்துகொண்டிருப்பார்.