மடிநோய்த் தடுப்பு: செனாவாங் தோட்டப்புறக் கறவை மாடுகள்

மடிநோய் என்பது கறவைப் பசுவின் மடிக்குள் நுண்ணுயிர் புகுவதால் உண்டாகும் அழற்சி. மடி வீங்கிச் சூடேறும். தொட்டால் பசு உதைக்கும். பால் திரிதிரியாகவோ இரத்தம் கலந்தோ வரும். இது வெளிப்படையான வகை. மறைந்திருக்கும் வகையில் மடியும் பாலும் பார்வைக்குக் குறையில்லாமல் இருக்க, கறவை மட்டும் மெல்லக் குறையும். மாட்டுக்காரருக்குப் பெரிய இழப்பு இந்த இரண்டாவது வகையால்தான்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களில் கறவை மாடு வளர்த்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். இந்தியாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்த மாடுகளின் வழிவந்தவை மலேசியாவில் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று தனி வகையாகவே அறியப்படுகின்றன. பிற்பாடு ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்த மாஃப்ரிவால் உருவானது. கறவை கூடிய கலப்பினங்களுக்கு மடிநோயும் எளிதில் வரும். ரப்பர் மரங்கள் நின்ற செனாவாங் இன்று சிரம்பானின் தொழிற்பேட்டைப் புறநகர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. இடம் குறைந்தால் மாடுகளை நெருக்கிக் கட்ட நேர்கிறது. ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரப்பதமும் குறையாத ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை வலுக்கும்போது கொட்டகைத் தரை காய்வதே இல்லை.

நோய்க்கிருமிகள் இரண்டு வழியில் வருகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகியவை நோயுற்ற மடியிலிருந்து கறப்பவரின் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரம் வழியாக அடுத்த மாட்டுக்குத் தாவும். ஈ. கோலி, கிளெப்சியெல்லா போன்றவை சாணத்திலும் சேற்றிலும் இருக்கும். படுக்கைக்குப் போடும் ஈர மரத்தூளில் கிளெப்சியெல்லா நன்றாகப் பெருகும். மரத்தூள் போட்டால் அடிக்கடி மாற்றியாக வேண்டும்.

காம்பின் நுனித் துவாரம்தான் கிருமி நுழையும் வாசல். கறக்கும்போது திறக்கும் அது, கறந்து முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சரியாக மூடாது. அந்த நேரத்தில் பசு ஈரத்தரையில் படுத்தால் நோய்க்கு வழி கிடைத்துவிடும். ஆகவே கறந்த உடனே புல்லோ செம்பனைப் பிண்ணாக்கோ வைத்து மாட்டை நிற்க வைக்க வேண்டும். காசில்லாத இந்த ஒரு பழக்கம், விலை கொடுத்து வாங்கும் பல மருந்துகளைவிட மேலானது. இதோடு ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். கறக்குமுன் மடியைக் கழுவுவதைவிட, கழுவிய மடியை மாட்டுக்கொரு துணியால் ஈரம் போகத் துடைப்பது முக்கியம். வடியும் அழுக்கு நீர் காம்பு நுனியில்தான் வந்து நிற்கும்.

கையால் கறக்கும் இடங்களில் பெருவிரலை மடித்து அழுத்திக் கறக்கும் வழக்கம் காம்பின் உட்சதையைப் புண்ணாக்கும். முழுக்கையாலும் பிடித்துக் கறப்பதே நல்லது. விரலைப் பாலில் நனைத்துக்கொள்வதும் கிருமியைக் காம்புக்குக் காம்பு கொண்டுபோகும். விடியுமுன் தோட்டத்து ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போக வேண்டிய தொழிலாளி அரையிருட்டில் கறந்தால் திரிந்த பால் கண்ணில் படாது. முதல் சில பீச்சுகளைக் கறுப்புத் தட்டில் விட்டு, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தரையில் பீச்சக் கூடாது. முதல் கன்று ஈன்ற இளம் பசுக்களை முதலிலும், நோயுள்ளதைக் கடைசியிலும் கறக்க வேண்டும். கறந்தபின் கன்றை ஊட்டவிடுவது மிச்சப் பாலை வடித்து மடிநோயைக் குறைப்பதாக வெப்பநாட்டு ஆய்வுகள் பல கண்டிருக்கின்றன. நோயுள்ள மடியில் மட்டும் கன்றை விடக்கூடாது.

மறைந்த நோயைக் கண்டுபிடிக்க கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை உதவும். ஷால்மும் நோர்லாண்டரும் 1957இல் வெளியிட்ட முறை இது. நான்கு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் எடுத்துச் சமஅளவு சோதனைக் கரைசல் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள பால் கொழகொழப்பாகும். பாலில் மிகுந்திருக்கும் வெள்ளணுக்களே காரணம். ஒரு மில்லிலிட்டரில் 2,00,000 உயிரணுக்களைத் தாண்டினால் நோயுண்டு என்று கருதுவது வழக்கம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வீட்டுச் சலவைத்தூளின் 3 விழுக்காட்டுக் கரைசலாலேயே இதைப் பார்க்கிறார்கள். கரைசல் சேர்த்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் தேசியப் பால்பண்ணை ஆய்வுக் கழகம் 1960களில் வகுத்த ஐந்து அம்சத் திட்டத்தில் காம்பு முக்குதலும், கறவை வற்றும்போது எல்லாக் காம்புகளுக்கும் மருந்து செலுத்துவதும் உண்டு. ஈனுவதற்குச் சுமார் 60 நாள் முன்பு கறவையை நிறுத்தும் காலம் பழைய தொற்றைத் தீர்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் எல்லா மாட்டுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து போடுவது இன்று பல நாடுகளில் ஏற்கப்படுவதில்லை. 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுத்துவிட்டது. சோதித்து, நோயுள்ள மாட்டுக்கு மட்டும் கால்நடை மருத்துவர் சொற்படி கொடுப்பதே முறை. மருந்து போட்ட மாட்டின் பாலை, குறித்த நாள் கழியும் வரை விற்கலாகாது.

தமிழ்நாட்டில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைப் பூச்சும் மலேசியத் தமிழர் கொல்லையில் கிடைக்கும் பொருள்களால் ஆனதே: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்த விழுதை நீரில் கரைத்து, கழுவிய மடி முழுக்க ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசச் சொல்கிறார்கள். தொடக்க நோய்க்கு இது கைகொடுக்கலாம். காய்ச்சலோடு மாடு தீனி விட்டுவிட்டால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

முன் சொன்ன இங்கிலாந்துத் திட்டத்தின் ஐந்து அம்சங்களில் தமிழர் மனம் ஏற்கத் தயங்குவது, தீராத நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்குவது. வீட்டுப் பிள்ளையாக வளர்த்த பசுவை இறைச்சிக்கு அனுப்பப் பலருக்கு மனம் வராது. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. அதற்காக மற்ற மாடுகள் நோயுற வேண்டியதில்லை. தீராத காம்பு ஒன்றே என்றால் மருத்துவர் உதவியோடு அதை நிலையாக வற்றச் செய்து, மற்ற மூன்றை மட்டும் கறக்கலாம். அப்படிப்பட்ட பசுவைத் தனியே கட்டி, எல்லா மாட்டுக்கும் கடைசியில் கறந்து, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.